ஹெல்மெட்டைக் கழற்றாமல் சட்டத்தை எதிர்ப்பது

நான் ஹெல்மெட் போட்டுத்தான் சைக்கிள் ஓட்டுகிறேன். மெல்பர்னில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு பக்கம் 11 கிலோமீட்டர், வாரத்தில் மூன்று நான்கு நாள். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் நாளைக்கே காணாமல் போனாலும் போட்டுக்கொண்டுதான் போவேன். நீங்களும் போடுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தச் சட்டம் வேண்டாம் என்று வாயைத் திறந்த மறுநொடி, எதிரில் இருப்பவர் என்னைச் சிவப்பு விளக்கை மதிக்காமல் முடி பறக்கப் போகும் ஒருவனாகக் கற்பனை செய்துவிடுகிறார். அதன் பிறகு நான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை.

ஒரு பிறந்தநாள் விருந்தில், பிரியாணித் தட்டும் கையுமாக, இங்கே இருபது வருடமாக இருக்கும் ஓர் அண்ணன் கேட்டார்: "தம்பி, போட்டா என்ன குறைஞ்சுபோச்சு? அம்பது டாலர் சாமான். தலை உன்னோடதுதானே?" கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. எனக்கு எதுவும் குறையவில்லை அண்ணே. குறைந்தது வேறு யாருக்கோ. அவர்கள் இந்த விருந்துக்கு வரவில்லை, சாலையிலும் இல்லை. 1990-இல் சைக்கிளை கராஜில் சாத்திவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. ஹெல்மெட் வேலை செய்கிறதா என்பது ஒன்று. ஹெல்மெட் சட்டம் வேலை செய்கிறதா என்பது இன்னொன்று. என் தொழிலில் இந்த வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மாட்யூல் டெஸ்டில் பாஸாவது வேறு, அதைப் புரொடக்‌ஷனில் கொண்டுபோய்ப் போட்டபின் மொத்த சிஸ்டமும் ஒழுங்காக ஓடுவது வேறு. ஹெல்மெட் டெஸ்டில் பாஸ். அதில் சண்டையே இல்லை. 2016-இல் ஜேக் ஆலிவியர், புருடென்ஸ் கிரைட்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். காயம்பட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் கணக்கு அது. ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69% குறைவு. நான் போடுவதற்கு இந்த எண் போதும். ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் ஏற்கெனவே விழுந்து, அடிபட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றியவை. சைக்கிளையே எடுக்காமல் போனவர் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் வரமாட்டார். அவரைத் தேட வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு முன், இந்தப் பொருள் என்னவென்று கையில் எடுத்துப் பார்த்துவிடுவோம். சைக்கிள் ஹெல்மெட் என்பது அடிப்படையில் தெர்மாகோல். புது டிவி அட்டைப்பெட்டியில் ஓரத்துக்கு வைத்து வருமே, அதே குடும்பம். கொஞ்சம் அடர்த்தியானது, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. விழும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்குச் செலவாகும் ஆற்றல் மண்டையோட்டுக்குப் போகாமல் மிச்சமாகிறது. அழகான, மலிவான பொறியியல். ஐரோப்பிய ஈ.என். 1078 தரநிர்ணயத்தில் அதை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். மோதும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு 19.5 கி.மீ. சைக்கிளிலிருந்து தானாகத் தவறி விழுந்து தலை தரையில் இடிக்கும் நிலைமைக்குச் சரியான சோதனை. 50 கி.மீ. வேகத்தில் வரும் காருக்கு? ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். 50-ஐ 19.5-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஆறரை மடங்கு வருகிறது. அந்த நேரத்தில் ஹெல்மெட் உதவவே உதவாது என்று சொல்லவில்லை, கொஞ்சம் உதவும். ஆனால் அதை நம்பி ஒரு நகரத்தின் பாதுகாப்புக் கொள்கையை எழுத முடியாது.

எழுதினார்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் ஊரில் சொல்வார்கள். ஹெல்மெட் சட்டத்தின் மொத்தத் தத்துவமும் அதுதான். தலைக்கு என்ன வந்தது, யார் ஓட்டிக்கொண்டு வந்தார், ஏன் அந்த வேகத்தில் வந்தார் என்று பழமொழி கேட்பதில்லை. சட்டமும் கேட்பதில்லை.

இது எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்தான் 1970-இல் உலகிலேயே முதன்முதலாகக் கார் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. அதற்காக அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் போராடினார்கள், ஜெயித்தார்கள், உயிர்கள் மிஞ்சின. பெரிய சாதனை அது, சந்தேகமே இல்லை. அந்த வெற்றியின் தெம்பில் அதே மருத்துவர்கள் அடுத்து சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். அடிபட்ட தலையைத் தைப்பவருக்கு உலகம் முழுக்கத் தலையாகத் தெரிவது இயல்பு. ஆனால் சீட் பெல்ட் என்பது காரின் ஆபத்தைக் கார்க்காரரின் உடம்பில் தடுப்பது. ஆபத்தும் பெல்ட்டும் ஒரே வண்டிக்குள் இருக்கின்றன. சைக்கிள் ஹெல்மெட் விஷயத்தில் ஆபத்து ஒருவரிடம், பெல்ட் இன்னொருவரிடம். இந்த இடம் மாறியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

1989 டிசம்பரில் பிரதமர் பாப் ஹாக் ஒரு சாலைப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். விபத்து அதிகம் நடக்கும் இடங்களைச் சரிசெய்ய மாநிலங்களுக்கு 110 மில்லியன் டாலர். பணம் வேண்டுமென்றால் பத்து நடவடிக்கைகளை ஏற்க வேண்டும். சைக்கிளுக்குக் கட்டாய ஹெல்மெட் அதில் ஒன்று. 1990 ஜூலை 1 அன்று விக்டோரியா சட்டம் போட்டது. ஒரு நாடு அளவில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் ஹெல்மெட் என்ற பாதை இங்கேதான் தொடங்கியது. 1992-க்குள் எல்லா மாநிலங்களும் வரிசையில் வந்துவிட்டன. நியூசிலாந்து 1994 ஜனவரியில் பின்தொடர்ந்தது. ஆக, சைக்கிள்காரரின் தலை ஒரு பேரத்தின் பகுதியாக இருந்தது. சாலைக்குப் பணம் வந்தது. அந்தச் சாலையில் சைக்கிளுக்கு ஒரு தடம் வேண்டும் என்று பத்து நிபந்தனைகளோடு பதினோராவதாக ஒன்றைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

இப்போது காணாமல் போனவர்களிடம் வருகிறேன்.

சட்டம் வந்த முதல் வருடத்திலேயே விக்டோரியாவில் ஹெல்மெட் போடும் சைக்கிள்காரர்களின் விகிதம் 31%-இலிருந்து 75%-ஆக ஏறியது. இந்த எண்ணை அரசு விளம்பரம்போலத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு விகிதம் இரண்டு வழியில் ஏறலாம். வெறுந்தலையோடு ஓட்டியவர் ஹெல்மெட் வாங்கினாலும் ஏறும்; வெறுந்தலையோடு ஓட்டியவர் ஓட்டுவதையே விட்டாலும் ஏறும். மேலே இருப்பதை மட்டும் பார்த்துக் கீழே இருப்பதை மறந்தால் பின்னக் கணக்கில் வாத்தியார் தலையில் குட்டுவார். டோரத்தி ராபின்சன் என்ற புள்ளியியலாளர் 1996-இல் செய்தது அந்தக் குட்டைத்தான். சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரேமாதிரி இடங்களில் எண்ணிய கணக்குகளை எடுத்துப் பார்த்தார். மெல்பர்னில் ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் கூடினார்களோ, அதைப்போல 15 மடங்கு பிள்ளைகள் சாலையிலிருந்து குறைந்திருந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2.2 மடங்கு. தலைக்காயங்களும் குறைந்தன, உண்மை. ஆனால் ஹெல்மெட் போடாத, சைக்கிளே ஓட்டாத, வெறுமனே நடந்துபோன பாதசாரிகளின் தலைக்காயமும் ஏறக்குறைய அதே போக்கில் குறைந்தது. அதே காலத்தில் விக்டோரியா அதிவேகத்தையும் குடித்துவிட்டு ஓட்டுவதையும் வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது காரணமாக இருக்கலாம் என்றார்.

இதை மறுப்பவர்கள் உண்டு. சில இடங்களில் சில நாள் எண்ணியதை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசக்கூடாது என்பார்கள். சரி, பேசவேண்டாம். வேறொரு சோதனை இருபது வருடம் கழித்துத் தானாகவே நடந்தது. 2010-இல் மெல்பர்ன் தெருக்களில் நீல நிற வாடகை சைக்கிள்கள் வந்தன. 600 வண்டி, ஸ்டாண்டில் எடுத்து இன்னொரு ஸ்டாண்டில் விடலாம். முந்தின வருடம் டப்ளினில் இதைவிடக் குறைவான வண்டிகளோடு தொடங்கிய திட்டம் ஒரு வருடத்துக்குள் பத்து லட்சம் சவாரியைத் தொட்டது. மெல்பர்னில் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. ஏன்? வாடகை சைக்கிள் என்பது முன்யோசனை இல்லாமல் எடுக்கும் வண்டி. ரயிலை விட்டு இறங்கினோம், டிராம் வரவில்லை, சைக்கிளை எடுத்தோம், போனோம். ஹெல்மெட்டைப் பையில் தூக்கிக்கொண்டு யாராவது ரயில் ஏறுவார்களா? அரசு மானியத்தில் 7-லெவன் கடைகளில் 5 டாலருக்கு ஹெல்மெட் விற்றார்கள். பிறகு சைக்கிளின் மேலேயே இலவசமாக வைத்தார்கள். முன்னால் யாரோ வியர்த்த ஹெல்மெட். 2019 நவம்பரில் கடையைக் கட்டினார்கள். அதே 2010-இல் மெக்சிகோ நகரம் தன் வாடகை சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியபோது ஹெல்மெட் கட்டாயத்தை எடுத்துவிட்டது. டெல் அவீவில் 2011-இல் திட்டம் வந்தபோது இஸ்ரேல் நகரத்துக்குள் ஓட்டும் பெரியவர்களுக்குக் கட்டாயத்தை நீக்கியது. அவர்களுக்கு முன்னால் ஒரு தேர்வு இருந்தது, ஒன்றை எடுத்தார்கள். நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றைச் சாகவிட்டோம்.

ஒரு சின்ன இடைச்செருகல். மெல்பர்ன் பிள்ளைகள் சைக்கிளைவிட்டு இறங்கிய அதே 1991, 92-இல்தான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பி. சாய்நாத் எழுதியதை வாசித்தவர்களுக்குத் தெரியும், கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களுக்கான பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். தண்ணீர்க் குடம் சைக்கிளில் போனது, பிள்ளை போனது. அந்த நேரத்தில் ஒரு சட்டம் வந்து, முதலில் தலைக்கவசம் வாங்கு, அப்புறம் மிதி என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதுகாப்புக்காகத்தான், நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள்.

ஊரிலிருந்து பேசும் நண்பர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1-இலிருந்து தமிழ்நாட்டில் இருசக்கர மோட்டார் வண்டிக்கு ஹெல்மெட் கெடுபிடி தொடங்கியபோது நானும் அதை ஆதரித்தேன். இப்போதும் ஆதரிக்கிறேன். முரண்பாடு இல்லை. பைக்கின் வேகம் அந்த பைக்கின் இன்ஜினிலிருந்தே வருகிறது. ஹெல்மெட் தொல்லை என்று ஒருவர் பைக்கை விட்டு பஸ்ஸில் ஏறினால் ஊருக்கு லாபம். சைக்கிளை விடுகிறவர் இங்கே காரில்தான் ஏறுவார். காரில் ஏறியதோடு நிற்பதில்லை. மிச்சமிருக்கும் சைக்கிள்காரரின் பக்கத்தில் இன்னொரு காராக வந்து சேர்கிறார். பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் பல ஊர்க் கணக்குகளை வைத்துக் காட்டியது இது: சைக்கிள்காரர்கள் இரண்டு மடங்கானால் விபத்துகள் இரண்டு மடங்காவதில்லை, மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றன. ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கார்க்காரர் கண் சைக்கிளுக்குப் பழகுகிறது. இதைத் திருப்பிப்போட்டுப் படித்தால் ஹெல்மெட் சட்டத்தின் விலை தெரியும். என் தலையில் தெர்மாகோலை வைத்துவிட்டு என்னைச் சுற்றியிருந்த ஆட்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பண்டமாற்று கட்டுப்படியாகவில்லை.

அபராதம் யாரிடம் வசூலாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் 2016 மார்ச்சில் ஹெல்மெட் அபராதத்தை 71 டாலரிலிருந்து ஒரே தாவலில் 319 ஆக்கியது. லைக்ரா உடையில் சனிக்கிழமை காலை கூட்டமாகப் போகிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பத்தாயிரம் டாலர் சைக்கிளின் மேல் முந்நூறு டாலர் ஹெல்மெட்டோடுதான் போவார்கள். பிடிபடுவது சிட்னியின் மேற்குப் புறநகரில் பழைய சைக்கிளில் கடைக்குப் போகும் ஆள். அமெரிக்காவின் சியாட்டிலில் இதை எண்ணியே காட்டிவிட்டார்கள். அங்கே 2017-க்குப் பின் எழுதிய ஹெல்மெட் அபராதச் சீட்டுகளில் கிட்டத்தட்ட பாதி, வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்டவை. கறுப்பினத்தவருக்குச் சீட்டு கிடைக்கும் விகிதம் வெள்ளையரைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு. ஹெல்மெட் என்பது நிறுத்தி விசாரிக்க ஒரு சாக்கு.

இதற்கெல்லாம் சைக்கிள்காரர்கள் என்ன செய்தார்கள்? நான் கோபப்படுவது சட்டம் போட்டவர்கள் மேல் இல்லை. அவர்களுக்கு அது மலிவான வேலை. தடம் போட காசு வேண்டும், கார் நிறுத்துமிடத்தை எடுக்கத் தைரியம் வேண்டும், ஹெல்மெட்டுக்கு அரசிதழில் ஒரு பக்கம் போதும். என் கோபம் எங்கள் ஆட்கள் மேல்தான்.

பெரும்பாலானோர் செய்தது மௌனமாக விலகியது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பதினான்கு வயதுப் பெண் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று சைக்கிளை விட்டால் அது அவளுடைய தப்பில்லை.

அடுத்தது சுதந்திரப் படை. என் தலை, என் உரிமை. வருடத்தில் சில நாள் வெறுந்தலையோடு கூட்டமாகப் போவார்கள், அபராதம் வாங்குவார்கள், நீதிமன்றம் போவார்கள். நியூ சவுத் வேல்ஸின் ஸ்கோன் ஊரில் ஒரு பெண்மணி 2010-இல் மாவட்ட நீதிமன்றம் வரை போராடி, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நீதிபதியையே சொல்லவைத்தார். மரியாதைக்குரிய பிடிவாதம். ஆனால் சட்டம் அசையவில்லை, அசையாது. அரசு ஆஸ்பத்திரியை வரிப்பணத்தில் நடத்தும் நாட்டில் "என் தலை" என்று ஆரம்பித்தால் "ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டறது?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முடித்துவிட்டார்கள். தவிரவும், சைக்கிள் என்பது தனிமனித உரிமை என்று பேசப் பேச, அது ஊருக்கான வண்டி என்பது மறந்துபோகிறது.

அப்புறம் எக்ஸெல் வீரர்கள். என் இனம், அதனால் கொஞ்சம் உரிமையோடு திட்டுகிறேன். 2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கர் என்ற உளவியலாளர் சைக்கிளில் ஒரு தூரமானியைக் கட்டிக்கொண்டு 2,500 வண்டிகள் தன்னை முந்துவதை அளந்தார். ஹெல்மெட் போட்டிருந்தபோது கார்கள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாக முந்தின. ஆஹா என்று ஒரு கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. 2013-இல் அதே தரவை மறுபடி அலசி, அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கது இல்லை என்று இன்னொரு தரப்பு காட்டியது. அதற்கு மறுப்பு. மறுப்புக்கு மறுப்பு. பதினைந்து வருடத்துக்கு மேல் எட்டரை சென்டிமீட்டரின்மேல் நின்று சண்டை. இந்த நேரத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தடம் கேட்டிருந்தால்?

இந்த வீரர்கள் ஒரு பொறியில் விழுந்திருக்கிறார்கள். ஹெல்மெட் பயனில்லை என்று நிரூபித்தால் சட்டம் விழும் என்று நினைக்கிறார்கள். அந்தப் போரில் அவர்கள் ஜெயிக்கவே முடியாது, ஏனென்றால் ஹெல்மெட் பயனுள்ளதுதான். நெதர்லாந்தில் போய் யாரும் ஹெல்மெட்டுக்கு எதிராகப் புள்ளிவிவரம் சேகரிப்பதில்லை. 1971-இல் அங்கே சாலையில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான். பெயரிலேயே கேள்வி யாரை நோக்கி என்று தெரிகிறது. குழந்தையின் தலையில் எதையாவது மாட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. காரை மெதுவாக்கு, தெருவைத் திருப்பிக்கொடு என்று கேட்டார்கள். இன்றைக்கு அங்கே நாலில் ஒரு பயணத்துக்கு மேல் சைக்கிளில். ஹெல்மெட் போடுகிறவர் மிகச் சிலர்.

கடைசிக் கூட்டம்தான் முக்கியம். கீழ்ப்படிந்தவர்கள், கீழ்ப்படிந்ததோடு நிற்காமல் காவலர்களாக மாறியவர்கள். சிக்னலில் வெறுந்தலையோடு ஒருவர் வந்து நின்றால், போலீஸுக்கு முன்னால் அவரை முறைப்பது ஹெல்மெட் போட்ட இன்னொரு சைக்கிள்காரர்தான். "இவங்களாலதான் நமக்கெல்லாம் கெட்ட பேரு." ஒரு சிறுபான்மை, பெரும்பான்மையிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகத் தன் ஆளையே காட்டிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. நல்ல பெயர் கிடைத்ததா? 2015-இல் இங்கே சிட்னி ரோட்டில் நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்து, மோதிக் கீழே விழுந்த இளைஞர் ஒருவர் லாரியின் அடியில் சிக்கி இறந்தார். அந்த இடத்தில் எந்த ஹெல்மெட்டும் பதில் சொல்லாது. கதவுக்கும் லாரிக்கும் நடுவே சைக்கிளை விடும்படி அந்தச் சாலையைக் கோடு போட்டுக் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எந்த விபத்துச் செய்தியிலும் ஹெல்மெட் போட்டிருந்தாரா என்பது இரண்டாவது வாக்கியத்தில் வந்துவிடும். சாலையின் வேக வரம்பு என்ன என்பது வரவே வராது.

எனவே நான் சொல்வது இது. இந்தச் சட்டத்தை எதிர்க்க வேண்டியவர்கள் ஹெல்மெட் போட்டவர்கள்தான். போட்டுக்கொண்டே எதிர்க்க வேண்டும். வெறுந்தலையோடு ஒருவர் சொன்னால் அவர் சோம்பேறி, திமிர்பிடித்தவர். போட்டவர் சொன்னால் அந்தப் பதில் எடுபடாது. எதிராளி அடுத்த வாக்கியத்தைக் கேட்டாக வேண்டும். அடுத்த வாக்கியம் ஹெல்மெட்டைப் பற்றி இருக்கக்கூடாது. முப்பது வருடமாக என் பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பங்கு எங்கே என்று இருக்க வேண்டும்.

இது வெறும் பேச்சுச் சாமர்த்தியம் இல்லை. 2013-இல் குயின்ஸ்லாந்து நாடாளுமன்றக் குழு ஒன்று சைக்கிள் விதிகளை அலசி, 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் 60 கி.மீ. அல்லது அதற்குக் குறைந்த வேக வரம்புள்ள சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட 24 மாதம் சோதனை முறையில் அனுமதிக்கலாம் என்றது. அரசு அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே அறிக்கையிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டது: சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒரு மீட்டர் இடம் விட வேண்டும், 60-க்கு மேல் வேக வரம்பு என்றால் ஒன்றரை மீட்டர். கூடவே சைக்கிள்காரர்களின் அபராதத்தையும் கார்க்காரர்களுக்கு இணையாக ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை; பேரத்தில் எப்போதும் ஒரு கை நம் பைக்குள்தான் இருக்கும். ஆனாலும் கவனியுங்கள், கார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட இடத்தில் ஏதோ கிடைத்தது.

தொடங்குவதற்கு இடம் இருக்கிறது. வடக்கு ஆட்சிப்பகுதியில் 17 வயதுக்கு மேற்பட்டவர்கள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் ஹெல்மெட் இல்லாமல் போகலாம், முப்பது வருடமாக. அங்கே வானம் இடிந்து விழவில்லை. இங்கே மெல்பர்னின் பைசைக்கிள் நெட்வொர்க் அமைப்பு ஏறக்குறைய 20,000 பேரிடம் கருத்துக் கேட்டு, 2018-இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பெரியவர்கள் சாலையைவிட்டு விலகிய பாதைகளில் தாங்களே முடிவு செய்யட்டும், ஐந்து வருடம் சோதித்துப் பார்ப்போம் என்றது. கேட்டதே அவ்வளவு குறைவு. அதுவும் நடக்கவில்லை. யாரா நகராட்சி ஃபிட்ஸ்ராய், காலிங்வுட் தெருக்களில் வேக வரம்பை 30 ஆக்கிப் பார்த்தது. நான் நாளெல்லாம் வாதாடத் தயாராக இருப்பது இந்த 30-க்குத்தான். மோதினால் ஆற்றல் 50-இல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். எந்தத் தெர்மாகோலாலும் தர முடியாத குறைப்பு அது. தலையில் எதுவும் மாட்டாத பாதசாரிக்கும், தள்ளுவண்டியில் வரும் பாட்டிக்கும் சேர்த்துக் கிடைக்கிறது.

சியாட்டிலைச் சேர்த்த கிங் கவுண்டியின் சுகாதார வாரியம் 1993-இல் போட்ட தன் ஹெல்மெட் சட்டத்தை 2022 பிப்ரவரி 17 அன்று ரத்து செய்தது. ரத்து கேட்டவர்களில் பலர் ஹெல்மெட் போடுகிறவர்கள். வாரியமும் ஹெல்மெட்டைக் கைவிடவில்லை. எல்லாரும் போடுங்கள் என்று அதே கூட்டத்தில் தீர்மானம் போட்டது. கவுண்டி, ஹெல்மெட்டுகளை வாங்கி இலவசமாகக் கொடுக்கப் பணம் ஒதுக்கியது. அண்ணன் அடுத்த விருந்தில் மறுபடி கேட்பார், சட்டம் இல்லாவிட்டால் யார் போடுவார்கள் என்று. விக்டோரியாவில் 80-களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் போட்டார்கள். பள்ளிகளில் சொல்லிக்கொடுத்து, வாங்குவதற்கு அரசு கொஞ்சம் பணம் திருப்பிக்கொடுத்து, சட்டம் வருவதற்கு முன்பே அது 31 ஆகியிருந்தது. ஒரு ஆள்கூடச் சைக்கிளை விட்டு இறங்கத் தேவைப்படவில்லை.